பூவாயியின் தங்கச்சி

“இந்தப் பிள்ள செத்துரட்டும்க்கா.”

ஆனையூரில் செல்வியின் வீட்டுக் கூடத்தில் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். மதியம் தாண்டியிருந்தது. படங்கள் பறந்துவிடக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தாள். வண்ணம் காயாத தாள்கள் எங்களைச் சுற்றிக் கிடந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஏதோ ஒரு கனம்: உப்புக் கிண்ணம், மகளின் ஜாமெட்ரி பாக்ஸ், மாத்திரை டப்பா.

 அந்த வீட்டில் பிள்ளை என்றால் செல்வியின் மகள் இனியாதான். அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

“யாரச் சொல்ற?”

“இவளத்தான்.” பிரஷ்ஷின் பின்முனையால் ஒரு படத்தைத் தொட்டுக் காட்டினாள். ஒரு சிறுமி தலையில் கஞ்சிக் கலயத்தோடு கண்மாய்க் கரைமேல் ஏறி வந்துகொண்டிருந்தாள். பூவாயி.

“கடைசியில நீங்க இவளக் காப்பாத்திட்டீங்க. வேணாம்க்கா. செத்துரட்டும்.”

செல்வி தலையில் ஒரு பருத்தித் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள். முடியெல்லாம் கொட்டிப்போயிருந்தது. புருவமும் இல்லாததால் அவள் முகம் எந்நேரமும் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போலவே தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் என்னைப் பார்த்தாள்.

கரை நிற்காத கண்மாய்

இந்தத் தொடருக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். ராஜாக்கள் காலத்துக் கதைகளைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி நாவலாக எழுதுவது பல வருடமாக என் வேலை. பகலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவேன். மிச்ச நேரத்தில் பாண்டிய நாட்டில் குடியிருப்பேன். என் கணவர் அப்படித்தான் கேலி செய்வார்.

பூவாயி கதை மேலூர்ப் பக்கத்து ஒரு கிராமத்துக் கதை. வாய்வழியாக மட்டுமே வந்தது.

ஒரு பாண்டிய ராஜா காலத்தில் அந்த ஊரில் கண்மாய் வெட்டினார்கள். ஒவ்வொரு மழைக்கும் மடைப் பக்கத்தில் கரை உடைந்தது. அடைத்தால் மறுபடி உடைந்தது. ஊர்த்தலைவர் குறி கேட்டார். நாளைக் காலையில் கரைமேல் முதலில் கால் வைக்கிற கன்னிப் பெண்ணை மடையில் வைத்து மூடினால் கரை நிற்கும் என்று குறி சொன்னார்கள்.

மறுநாள் முதலில் வந்தவள் பூவாயி. அங்கே மண் சுமந்துகொண்டிருந்த ஒரு கூலிக்காரரின் மகள். அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள்.

கரை நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. கதை அங்கே முடிந்துவிடும்.

நான் எழுதிய நாவலில் அங்கே முடியவில்லை. என் பூவாயி ஒரு நாள் தவணை கேட்பாள். மடை ஓரம் குப்புறப் படுத்துப் பார்த்து, நண்டுப் பொந்துகள் வழியாகத்தான் தண்ணீர் கரையை அரிக்கிறது என்று கண்டுபிடிப்பாள். களிமண்ணைக் குழைத்து எல்லாரும் பொந்துகளை அடைப்பார்கள். மழை வரும். கரை நிற்கும். அப்பாவும் மகளும் ஆறிய கஞ்சியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

சென்னையிலிருந்த எடிட்டருக்கு இந்த முடிவு ரொம்பப் பிடித்திருந்தது. “பதினோரு வயசுப் பிள்ளைங்க படிக்கப் போறாங்க மேடம். அவங்க கையில பலியக் குடுக்க வேணாம்” என்று முதலிலேயே சொல்லியிருந்தார். நல்ல மனிதர். அவருக்கும் அந்த வயதில் ஒரு பையன் இருந்தான்.

இனியாவுக்கும் பிடித்திருந்தது. நான் எழுதி அச்செடுத்துக் கொண்டுபோகிற பக்கங்களை முதலில் படிக்கிறவள் அவள்தான். “அந்த நண்டப் பெருசா வரைம்மா. கொடுக்கு நல்லா தெரியணும்” என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டாள். செல்வியும் ஒரு பக்கம் முழுக்க நண்டு வரைந்தாள்.

“ஐயா, கஞ்சி கொண்டாந்துருக்கேன்”

செல்வியின் முழுப்பெயர் பாண்டிச்செல்வி. ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. நான் முதலில் பார்த்தபோது ஒரு புத்தகக் கண்காட்சியில் பிள்ளைகளுக்கு மேசை போட்டுப் படம் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்னப் பையன் யானைக்குப் பச்சை அடித்திருந்தான். பக்கத்தில் நின்ற அவன் அம்மா திருத்தப் போனார். செல்வி, “விடுங்கக்கா, காட்டுக்குள்ள நின்ன யானை. பாசி புடிச்சிருக்கும்” என்றாள்.

என் அடுத்த புத்தகத்துக்கு இவள்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு வந்த என் புத்தகங்களுக்கெல்லாம் அவள்தான் வரைந்தாள். எழுத்திலும் கை வைப்பாள். எனக்கு ஒரு வியாதி உண்டு. ராஜா காலம் என்றால் என் பேனா தானாகச் செந்தமிழுக்கு ஏறிவிடும். “தந்தையே, உணவு அருந்துங்கள்” என்று பூவாயி பேசுவதாக எழுதியிருந்தேன். செல்வி அதைப் படித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

“மண்ணு சொமக்குற வீட்டுப் பிள்ளக்கா இது. எந்த ராஜா காலமா இருந்தாத்தான் என்ன? ‘ஐயா, கஞ்சி கொண்டாந்துருக்கேன், வாங்க’ன்னு சொல்லியிருக்கும்.”

“ராஜா காலத்துல இப்படிப் பேசியிருப்பாங்களா?”

“நீங்க எழுதியிருக்கிற மாதிரியும் பேசியிருக்க மாட்டாங்கள்ல?”

அதோடு என் புத்தகத்திலிருந்து தந்தையர் எல்லாரும் போய் ஐயாக்கள் வந்தார்கள்.

எங்கள் சண்டைகள் எல்லாம் இப்படித்தான். பாண்டிய ராஜாவுக்கு மீசை உண்டா, கூலிக்காரப் பெண்கள் என்ன நிறத்தில் சேலை கட்டியிருப்பார்கள், கலயம் கறுப்பா சிவப்பா. திருநகரில் என் வீட்டு மொட்டை மாடியில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவோம். பேச்சுக்கு நடுவே அவள் ஒரு கையால் பிடரியைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். வலியாக இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை.

அழுத பெண், சிரித்த பெண்

கதை நடந்த இடத்தைப் பார்க்க இரண்டு பேரும் ஒருமுறை போனோம். மேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் பிடித்தோம். அந்தக் கிராமம்தான் செல்வியின் சொந்த ஊர். கண்மாயில் அப்போது தண்ணீர் இல்லை. உள்ளே கருவேலம் மண்டிக்கிடந்தது. தூரத்தில் குவாரி லாரிகள் போகிற சத்தம்.

கரைமேல் வேப்பமரத்தடியில் பூவாயிக்கு ஒரு பீடம் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை போட்டு, பளபளவென்று இருந்தது. அங்கே பூசை வைக்கிற பெரியவர் கதை சொன்னார். குறி சொன்னதைக் கேட்டதும் பூவாயி தானே முன்வந்தாளாம். ஊருக்காகச் சிரித்துக்கொண்டே மடைக்குள் இறங்கினாளாம்.

செல்வி அவரிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, “வாங்கக்கா” என்று என்னைக் கரைக்குக் கீழே, வயல் பக்கம் கூட்டிப்போனாள். மடைத் தண்ணீர் வெளியே வருகிற இடத்தில் ஒரு கல் நட்டிருந்தது. மஞ்சள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

“இதுவும் பூவாயிதான். எங்க தெருக்காரங்க இங்கதான் பொங்க வைப்போம். அப்பெல்லாம் எங்கள மேல ஏற விட மாட்டாங்க. இப்ப யாரும் தடுக்கிறதில்ல. ஆனா எங்காளுக இங்கேயே வச்சுப் பழகிட்டாங்க.”

அவள் தெருக்காரர்கள் பல தலைமுறையாக மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். இன்றைக்குச் சொந்தமாக வயல் வைத்திருக்கிறவர்களும் அந்தத் தெருவில் உண்டு.

“ஒங்க தெருவுல கதைய எப்படிச் சொல்லுவாங்க?”

“அழுதான்னு சொல்லுவாங்க. ‘ஐயா, ஐயா’ன்னு கூப்டாளாம். அவுக ஐயாவ நாலு பேரு புடிச்சுக்கிட்டாங்களாம். சிரிச்சுக்கிட்டே எறங்குனான்னு எவஞ்சொன்னான்? கொண்டுபோயி வச்சவன் சொன்னது அது.”

வரப்பில் நின்றபடி கரையை அண்ணாந்து பார்த்தோம். கீழேயிருந்து பார்க்கும்போது அது ரொம்ப உயரமாக இருந்தது.

அவள் சொன்னதையும் கேட்டுவிட்டுத்தான் நான் நண்டுப் பொந்து முடிவை எழுதினேன். சிரித்துக்கொண்டே செத்தாள் என்று பிள்ளைகளுக்கு எழுத என்னால் முடியாது. அழுதுகொண்டே செத்தாள் என்று எழுதத் தைரியம் வரவில்லை. மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன். கதையெழுதுகிறவர்களுக்கு அந்தச் சலுகை இருக்கிறது.

அடுத்த நாள்

மின்விசிறி நிறுத்திய அந்தக் கூடத்துக்கு வருகிறேன்.

செல்விக்கு மார்பில் வந்த கட்டியை எடுத்து, மருந்து ஏற்றி, சரியாகிவிட்டது என்று எல்லாரும் மூச்சுவிட்டிருந்தோம். பிறகு அது கல்லீரலில் தெரிந்தது. இனி குணப்படுத்த முடியாது, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கணவர் முருகேசனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இனியாவுக்குச் சொல்லவில்லை. முருகேசன் சொல்லக் கூடாது என்று உறுதியாக இருந்தார். அம்மா இளைத்ததற்கு மருந்துதான் காரணம், நிறுத்தியதும் தேறிவிடுவாள் என்று பிள்ளை நம்பிக்கொண்டிருந்தாள்.

“ஏன் சாகணும்கிற?” என்று கேட்டேன்.

“நான் இல்லாதப்பவும் எம் மக இந்தப் புத்தகத்தப் படிப்பாக்கா. அம்மா வரைஞ்சதுன்னு எடுத்து எடுத்துப் பாப்பா. பூவாயி ஒரு நாள்ல யோசிச்சுத் தப்பிச்சுட்டா. அப்ப எங்கம்மா ஏன் தப்பிக்கல? நாம ஏதோ சரியா யோசிக்கலன்னு நெனைப்பா. நண்டுப் பொந்து எங்கன்னு தேடிக்கிட்டே இருப்பா.”



“அதுக்காக, புத்தகத்த வச்சு அவளுக்குச் சொல்லப் போறியா செல்வி? அது அச்சாகி வர்றதுக்குள்ள...” மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன்.

“அச்சாகி வர்றதுக்குள்ள நான் போயிருவேன். தெரியும்க்கா. சொல்லணும். எப்படின்னுதான் தெரியல.”

அவள் கொஞ்ச நேரம் பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கலங்கி மண் நிறமாகியது.

“பூவாயிக்கு ஒரு தங்கச்சி இருந்தா. ஒங்களுக்குச் சொல்லியிருக்கேனா?”

“இல்லையே.”

“எங்க தெருவுல சொல்லுவாங்க. நாங்கெல்லாம் அந்தத் தங்கச்சி வகையறாதான்னு. ஆனா அவளுக்குப் பேரு கெடையாது. அவ என்ன பண்ணுனான்னு ஒரு வார்த்த கெடையாது. கரை நின்னுச்சு, கதை முடிஞ்சிருச்சு. அந்த வீட்ல அடுத்த நாள் என்னக்கா நடந்துச்சு? அந்தப் பிள்ளைக்கு யாரு தல சீவி விட்டா? யாரு சோறு போட்டா? அத எழுதுங்க. பூவாயி செத்த பெறகு தங்கச்சி எப்படி இருந்தான்னு எழுதுங்க.”

ஆஸ்பத்திரி பெஞ்சில்

அதை எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ராஜா, போர், அரண்மனை எல்லாவற்றையும் எழுதிவிடலாம். அக்கா இல்லாத வீட்டில் ஒரு சின்னப் பெண் காலையில் கண் விழிப்பதை எழுதுவது லேசில்லை. எழுதுவேன், அடிப்பேன். ஒரு தடவை பூவாயியைத் தங்கச்சி கனவில் வரவைத்துப் பேசவிட்டேன். மறுநாள் படிக்கும்போது எனக்கே கூசியது.

கடைசியில் சாதாரணமாக எழுதினேன். அம்மா எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள், போனார்கள். தங்கச்சி பானையைத் திறந்து பார்த்தாள், காலியாக இருந்தது. மாதங்கள் போயின. நின்ற கரைக்குள் தண்ணீர் தேங்கியது, நெல் விளைந்தது. ஊர்த்தலைவர் வீட்டிலிருந்து இவர்களுக்குப் புது அரிசி கொடுத்தனுப்பினார்கள். ஐயா தொடவில்லை. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தங்கச்சிக்குப் பசித்தது. அவளே உலை வைத்துப் பொங்கிச் சாப்பிட்டாள். சோறு நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தாள். பிறகு அம்மாவுக்கும் ஒரு வாய் பிசைந்து எடுத்துக்கொண்டு போனாள்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தபோது செல்விக்கு அதை வாசித்துக் காட்டினேன். பினாயில் வாடை. எதிர் பெஞ்சில் ஒரு குடும்பம் பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதில் ஓர் அம்மாள் நான் வாசிப்பதைக் கையில் விண்ட இட்லியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

செல்வி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நிறுத்தினேன்.

“படிங்க.”

முடித்தேன்.

“சோறு நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்கள்ல, அத எடுத்துராதீங்க. யாரு சொன்னாலும் எடுத்துராதீங்க” என்றாள்.

எடிட்டருக்கு அனுப்பினேன். தயங்கினார். பள்ளிகளில் வாங்க மாட்டார்கள், பெற்றோர் கேட்பார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. செல்வி அந்தக் கடைசிப் படத்தை வரைந்து முடித்ததும் செல்போனில் எடுத்து அனுப்பினேன். தங்கச்சி உள்ளங்கையில் சோற்று உருண்டையோடு அம்மாவின் முதுகைப் பார்த்து நிற்கிற படம். சாயங்காலம் கூப்பிட்டார். “படத்தப் பாத்தேன் மேடம். இதுல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. இப்படியே போட்டுரலாம்.”

இனியா கேட்டது

அந்தப் பக்கங்கள் வழக்கம்போல் கூடத்தில்தான் கிடந்தன. பள்ளி விட்டு வந்த இனியா சீருடையோடு உட்கார்ந்து அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். செல்வி பாயில் படுத்திருந்தாள்.

“பெரியம்மா, இது என்ன? பூவாயி நண்டுப் பொந்த அடச்சிருவாள்ல?”

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

“மாத்தியிருக்கேன்டா.”

“ஏன்?”

“நாந்தான் மாத்தச் சொன்னேன்” என்றாள் செல்வி.

பிள்ளை என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். முருகேசன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் லைன்மேன் அவர்.

“அம்மா, ஒனக்குச் சரியாகாதா?”

“ஏய், என்ன பேச்சு இது? எந்திரிச்சுப் போயி கைகால் கழுவு” என்று முருகேசன் குரலை உயர்த்தினார். செல்வி அவரைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினாள். அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

“ஆகாதுடா.”

“டாக்டர் சொன்னாரா?”

“ஆமா.”

“எப்ப?”

“ஒனக்குப் பரீட்ச லீவு விட்டப்ப.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பெரியம்மாவுக்கு?”

“தெரியும்.”

“எனக்கு மட்டுந்தான் தெரியாதா?”

 இனியா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையிலிருந்த தாள்களை என் பக்கம் நீட்டினாள்.

“பழைய மாதிரியே எழுதுங்க பெரியம்மா. அதான் நல்லாருந்துச்சு. நண்டு இருக்கட்டும். இத வேணாம்னு சொல்லிருங்க. இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்க.”

நான் தாள்களை வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. “சொல்லுங்க, சொல்லுங்க” என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். உலுக்க உலுக்கக் குரல் உடைந்தது. செல்வி பாயிலிருந்து எழ முயன்றாள். முடியவில்லை. முருகேசன் ஓடிவந்து அவளைத் தாங்கி உட்கார வைத்தார்.

“இங்க வாடா” என்றாள் செல்வி. “அந்த நண்டுக் கதையும் ஒங்கிட்டயே இருக்கட்டும். அதத் தூக்கிப்போட வேணாம். ஆனா அம்மா இனிமே ஒங்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன். என்ன கேட்டாலும் சொல்லுவேன்.”

அந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

மறுநாள் முருகேசன் எனக்குப் போன் செய்தார். “ஒரு கதைய எழுதி எம் பிள்ள தூக்கத்தக் கெடுத்துட்டீங்களேக்கா. இன்னும் கொஞ்ச நாள் அவ சந்தோஷமா இருந்துருப்பாள்ல?” என்றார். அவர் கேட்டது நியாயம். செல்வி செய்ததும் நியாயம். இரண்டுக்கும் நடுவில் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அதற்குப் பிறகு அந்த வீடு மாறியதை நான் பார்த்தேன். இனியா பள்ளி விட்டதும் நேராக அம்மாவின் பாயில் வந்து படுத்துக்கொள்வாள். கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். வலிக்குமா? எந்த இடத்தில்? நான் எந்த ஊருக்குக் காலேஜ் போகலாம்? அப்பா வேறு கல்யாணம் செய்துகொள்வாரா? செல்வி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். இரட்டைப் பின்னல் போட அம்மா முன்னால் உட்கார்ந்தே கற்றுக்கொண்டாள் பிள்ளை. கோணலாக வரும். “இன்னொரு தடவ போடு” என்பாள் செல்வி. அவிழ்த்துவிட்டு மறுபடி போடுவாள்.

ஒருநாள் நான் கிளம்பும்போது முருகேசன் தெருமுனைவரை கூட வந்தார். “அன்னைக்குப் பேசுனத மனசுல வச்சுக்காதீங்கக்கா” என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

ஐப்பசி

ஐப்பசி மழையில் ஒரு காலையில் செல்வி போய்விட்டாள். திருநகரிலிருந்து நான் கிளம்பி, தண்ணீர் நின்ற ரோடுகளைச் சுற்றி, ஆனையூருக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வண்டி வந்து நின்றது. செல்வியை அவள் ஊருக்குக் கொண்டுபோனோம். மழையில் மாலைகள் நனைந்து சாயம் இறங்கி ஓடியது. கண்மாய் நிறைந்திருந்தது. மடை திறந்து தண்ணீர் வயலுக்குப் போகிற இரைச்சலில் பெண்கள் அழுவதுகூடச் சரியாகக் கேட்கவில்லை.

இனியா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை.

தை மாதம் புத்தகம் வந்தது. செல்வியின் பெயரை என் பெயருக்கு மேலே போடச் சொல்லியிருந்தேன், போட்டிருந்தார்கள். முதல் பிரதியை எடுத்துக்கொண்டு ஆனையூருக்குப் போனேன். முருகேசன் வாங்கிச் செல்வியின் படத்துக்கு முன்னால் வைத்தார்.

“நான் படிக்க மாட்டேன் பெரியம்மா” என்றாள் இனியா.

“சரிடா.”

“எப்பவுமே படிக்க மாட்டேன்.”

“சரி.”

புத்தகத்தை வேறு பிள்ளைகள் படித்தார்கள். பள்ளிகளில் கூப்பிட்டார்கள். திருமங்கலம் பக்கத்து ஒரு பள்ளியில் ஒரு பெண் எழுந்து, “அந்தத் தங்கச்சிக்குப் பேரு வைங்க மிஸ்” என்றாள். மற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு பெயர் கத்தினார்கள். நான் சிரித்துக்கொண்டே எழுதி வைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அவளிடம்தான் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு நான் எழுதியவற்றுக்கு வேறு ஓவியர்கள் நன்றாகத்தான் வரைகிறார்கள். யாரும் என் வாக்கியத்தைப் பார்த்துச் சுவரில் சாய்ந்து சிரிப்பதில்லை.

மடைக்குக் கீழே

சில வருடங்கள் போயின. இந்த மாசியில் இனியா தானாகப் போன் செய்தாள். குரல் மாறியிருந்தது.

“பெரியம்மா, ஊர்ல பூவாயிக்குப் பொங்க வைக்கிறோம். மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க. நானும் அப்பாவும் நிப்போம்.”

என்னைவிட உயரமாகியிருந்தாள். ஒற்றைப் பின்னல். செல்வியின் நெற்றி அப்படியே.

மடைக்குக் கீழே அந்தக் கல்லைச் சுற்றி அடுப்புகள் எரிந்தன. புகை கண்ணைக் கரித்தது. முருகேசன் விறகு ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். செல்வியின் தம்பி மகள், பால் பல் விழுந்த சின்னப் பெண், இனியாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கதை கேட்டாள். நான் கொஞ்சம் தள்ளி வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

இனியா சொல்ல ஆரம்பித்தாள். கண்மாய் வெட்டியது, கரை உடைந்தது, குறி கேட்டது. எல்லாம் நான் அறிந்ததுதான். நண்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பூவாயி சிரித்தாள் என்றும் சொல்லவில்லை.

“பூவாயிக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. ஊருக்குள்ள பேசிக்கிட்டதக் கேட்டுட்டா. காலையில கஞ்சிக் கலயத்தத் தூக்குறப்ப தங்கச்சியக் கூப்ட்டுச் சொன்னா.”

இது யாருடைய கதையிலும் கிடையாது. பூசை வைக்கிற பெரியவர் சொன்னதில் இல்லை, தெருக்காரர்கள் சொன்னதில் இல்லை, என் புத்தகத்தில் இல்லை.

“என்ன சொன்னா?” என்று கேட்டது பிள்ளை.

“எல்லாரும் வீட்ட விட்டுக் கெளம்பும்போது என்ன சொல்லுவாங்க?”

“போயிட்டு வாரேன்.”

“அவ அப்படிச் சொல்லல. ‘போறேன்’னு சொன்னா.”

பிள்ளை யோசித்தது. “அப்டிச் சொல்லக் கூடாதுல்ல?”

“சொல்லக் கூடாதுதான். ஆனா அவ தங்கச்சிகிட்ட பொய் சொல்லல.”

“தங்கச்சி அழுதாளா?”

“அழுதா. அக்காவ வாசல்லயே கட்டிப்புடிச்சுக்கிட்டு நல்லா அழுதா. அப்பறந்தான் அக்கா போனா.”

பொங்கல் பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். பிள்ளை மடியிலிருந்து குதித்து அடுப்பைப் பார்க்க ஓடியது. இனியா பாவாடையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

அந்த ஐப்பசிக் காலையில், நான் தண்ணீர் நின்ற ரோட்டில் வந்துகொண்டிருந்த நேரத்தில், அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவள் என் பக்கத்தில் வந்து, வரப்பு ஈரமாக இருக்கிறது என்று கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு எழுந்தேன்.